அமெரிக்கர் வாயும் உலகத்தார் செவியும்

ஜப்பானியரிடையே ஒரு வேடிக்கை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அமெரிக்கன் ஒருவனிடம் மணி கேட்பதற்கு ஆங்கிலம் படிக்க வேண்டியதில்லையாம். தம் சொந்தப் பாஷையில், "தோண்டியெடுத்த கிழங்கைத் தொடாதே" என்று வேகமாகச் சொன்னால் போதுமாம். அவன் உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைச் சொல்லிவிடுவானாம். ஜப்பானிய பாஷையில் அந்த வாக்கியம் 'ஹொத்தா இமோ இஜிருனா' என்று ஒலிக்கும். 'வாட் டைம் இஸ் இட் நௌ' என்ற கேள்வி அமெரிக்கன் நாவிலிருந்து கிளம்பி ஜப்பானியன் செவியில் விழும்போது ஏறக்குறைய இந்த உருவத்தைத்தான் அடைகிறது.

இது வெறும் விகடந்தான். ஆயினும் இதனுள் ஓர் உண்மை இருக்கிறது. செவி என்பது ஒலி வந்து புகும் வெறுந்துவாரமன்று. ஒவ்வொரு தேசத்தாரும் தம் தாய்மொழியையே ஒரு சல்லடையாகக் காதில் கட்டிக்கொண்டு அயலான் பேச்சைக் கேட்கிறார்கள். சல்லடையில் நிற்பது நிற்கிறது. நழுவுவது நழுவிப் போகிறது. ஆகவேதான் ஒரே அமெரிக்கனுடைய பேச்சைக் கேட்டு, அவன் மூக்கால் பேசுகிறான் என்று ஆங்கிலேயர் சொல்கின்றனர். வாயில் எதையோ அதக்கிக்கொண்டு பேசுகிறான் என்று ஐரோப்பியர் பலர் சொல்கின்றனர். நம்மவரோ 'நுனிநாக்கு இங்கிலீஷ்' என்ற ஒரு சொல்லில் வியப்பையும் ஏளனத்தையும் சேர்த்துக் கட்டிவிடுகின்றனர்.

தாய்மொழிச் சல்லடை ஒன்றுதான் இருக்கிறது என்றால் விஷயம் இத்துடன் முடிந்துவிடும். இன்னொரு சல்லடையும் இருக்கிறது. அது பேசுகிறவனுக்கு உலகத்தில் என்ன மதிப்பு என்னும் கணக்கு. அமெரிக்கருடைய உச்சரிப்பின் சரித்திரத்தை நோக்கினால், செவி இன்பமென்றும் துன்பமென்றும் சொல்லும் தீர்ப்புகளில் பெரும்பகுதியை எழுதிக் கொடுப்பது இந்த இரண்டாவது சல்லடையே என்பது தெளிவாகும். அதைக் குறித்தே இன்று எழுத விரும்புகிறோம்.

சிகாகோவில் ழகரம்

முதலில் ஒலிகளைப் பார்ப்போம். அயலார் செவிக்கு உடனே தட்டுப்படுபவை இரண்டு. ஒன்று, இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் டகரம். 'வாட்டர்' என்ற சொல்லில் ஆங்கிலேயன் டகரத்தை அழுத்திச் சொல்கிறான். அமெரிக்கனோ நாநுனியால் பல்லின் மேற்புறத்தை ஒரு கணம் தட்டிவிட்டு எடுத்துவிடுகிறான். அந்தத் தட்டு, 'மரம்' என்ற சொல்லில் வரும் நமது இடையின ரகரத்தோடு ஏறக்குறைய ஒன்றே. ஆகையால் தமிழன் செவிக்கும், ஸ்பானியன் செவிக்கும், ஜப்பானியன் செவிக்கும் அங்கே ரகரமே கேட்கிறது. எழுத்தாளனைக் குறிக்கும் 'ரைட்டர்' என்ற சொல்லும், குதிரை ஏறிச் செல்பவனைக் குறிக்கும் 'ரைடர்' என்ற சொல்லும் அமெரிக்கர் வாயில் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன.

இரண்டாவது, சொல்லின் இறுதியிலும் மெய்யெழுத்துக்கு முன்னும் வரும் ரகரம். 'கார்', 'பார்க்' முதலிய சொற்களில் லண்டன்வாசி அதை விழுங்கிவிடுகிறான். அமெரிக்கன் நாவைப் பின்னுக்கு இழுத்துக் குவித்து அதை நீட்டுகிறான். அந்த ஒலி நமது ரகரத்தைவிட ழகரத்துக்கே நெருங்கிய உறவுடையது. இரண்டும் ஒன்றேயென்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் உறவு தூரத்து உறவன்று. நம்மவரிலேயே வாழைப்பழத்தை 'வாளைப்பளம்' ஆக்குவோர் எத்தனை பேர்! அவர்களைக் கடிந்துகொள்ளும் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் சிகாகோ நகரத்துத் தெருவில் போய் நின்றாரானால், காரிலும் பார்க்கிலும் ழகரச் சாயை வீசுவதைக் கேட்டு மூக்கின்மேல் விரல் வைப்பார்.

இன்னும் சில வேற்றுமைகளும் உண்டு. ஆங்கிலேயன் 'நியூ' என்பதை அமெரிக்கன் 'நூ' என்கிறான். நாம் 'நியூயார்க்' என்று எழுதுவது ஆங்கிலேயரிடம் பாடங்கேட்ட பழக்கம்; அந்நகரத்தார் தம் ஊரை 'நூ யார்க்' என்றே சொல்லுகின்றனர். ஆங்கிலேயனுக்கு 'டான்ஸ்', அமெரிக்கனுக்கு 'டேன்ஸ்' என்பதற்கு அருகில் வரும் ஓர் ஒலி.

பொருளை அறவே நீக்கிவிட்டு இந்த ஒலிகளை மாத்திரம் கேட்டால் எப்படியிருக்கும்? இதைச் சோதித்துப் பார்த்தவர் போல ஒரு காரியம் செய்தார் இத்தாலியப் பாடகர் அட்ரியானோ செலன்டானோ. 1972-ஆம் வருஷம் அவர் வெளியிட்ட 'பிரிசன்கோலினென்சினைன்சியூசல்' என்ற பாட்டில் அர்த்தமுள்ள வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. அமெரிக்கப் பாட்டுப் போலக் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே கோக்கப்பட்ட வெற்றொலிகள் அவை. இத்தாலியர் அதை விரும்பிக் கேட்டனர். பாட்டு பெயர் பெற்றுவிட்டது. அர்த்தமற்ற ஒலியை ஒரு தேசம் விரும்பிக் கேட்கிறது என்றால், அந்த ஒலிக்கு எங்கிருந்தோ ஒரு மவுசு வந்து சேர்ந்திருக்க வேண்டுமல்லவா? அந்த மவுசு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. ஏனென்றால், அதே ஒலி ஒரு காலத்தில் உலகத்தின் பரிகாசத்துக்கு ஆளாகியிருந்தது.

தாயகத்தின் பரிகாசம்

அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1776-ஆம் வருஷம் சுதந்திரப் பிரகடனம் செய்தன. பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஜான் விதர்ஸ்பூன் என்பவர் ஒருவர். ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிக் கலாசாலைத் தலைவராக விளங்கியவர். அமெரிக்கருக்கே உரிய சொல் வழக்குகளைக் குறிக்க 'அமெரிக்கனிஸம்' என்ற பதத்தை 1781-ஆம் வருஷம் ஆக்கித் தந்தவர் அவரே. பதத்தை ஆக்கியது பாராட்டுவதற்கன்று. பிழைகளைப் பட்டியல் போடுவதற்கு. எனினும், பிரிட்டனிலுள்ள சாமானிய ஜனங்களைவிட அமெரிக்கச் சாமானியர் நன்றாகவே பேசுகின்றனர் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். ஓரிடத்தில் வேரூன்றாமல் ஊர் ஊராகச் சென்று வாழ்ந்ததால் அவர்களிடம் குறுகிய ஊர் வழக்குகள் படியவில்லை என்பது அவர் கண்ட காரணம்.

நோவா வெப்ஸ்டர் இதற்கு நேர்மாறான போக்குடையவர். சுதந்திரம் பெற்ற தேசத்துக்குச் சுதந்திரமான பாஷையும் வேண்டும் என்பது அவர் கட்சி. 1789-இல் இக்கொள்கையை விளக்கி நூல் எழுதினார். 1828-இல் ஏறக்குறைய 70,000 சொற்களடங்கிய பெரிய அகராதியை வெளியிட்டார். அமெரிக்கர் இன்றும் ஆங்கிலேயரிடமிருந்து வேறுபட்டு எழுதும் எழுத்துக்கூட்டுகள் பல அவரால் நிலைபெற்றவை.

அகராதி அச்சானதும் அவமானம் அகன்றுவிட்டதா? இல்லை. நான்கு வருஷங்கள் கழித்து, 1832-இல், பிரான்சஸ் டிராலப் என்ற ஆங்கிலச் சீமாட்டி அமெரிக்கர்களின் இல்லற வழக்கங்களைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்காவில் தாம் தங்கியிருந்த காலம் முழுவதும் அழகாக அமைந்து திருத்தமாக உச்சரிக்கப்பட்ட வாக்கியத்தை அமெரிக்கர் வாயிலிருந்து கேட்டது மிகவும் அபூர்வம் என்று அவர் எழுதினார். லண்டனில் படித்தவர்கள் சிரித்தனர். சிரிப்பு இங்கிலாந்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவிலேயே பிறந்து உலகப் புகழ் பெற்ற ஆசிரியரான ஹென்றி ஜேம்ஸ், 1905-ஆம் வருஷம் பிரின்மார் கலாசாலையில் பட்டம் பெறும் பெண்களுக்குச் செய்த பிரசங்கத்தில் தம் நாட்டார் பேச்சின் ஒழுங்கின்மையைக் கடிந்துகொண்டார். அரசியல் சுதந்திரம் பெற்று நூற்றிருபது வருஷங்களுக்கு மேலாகியும், ஒரு தேசத்தின் பேராசிரியன் தன் ஜனங்களின் பேச்சை அயலானுடைய செவியால் கேட்டுக்கொண்டிருந்தான்! கோட்டையிலிருந்து கொடியை இறக்கலாம். காதுக்குள் நாட்டப்பட்ட கொடியை இறக்குவது அவ்வளவு எளிதன்று.

ஓர் எழுத்து, இரண்டு தீர்ப்பு

இப்பரிகாசத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கன் ஆங்கிலத்தைக் கெடுத்துவிட்டான் என்று சொல்லப்பட்ட குற்றங்களில் முக்கியமானது அவனது ரகரம். ஆனால் அந்த ரகரம் அவன் புதிதாகச் செய்துகொண்டதன்று. அவன் முன்னோர் இங்கிலாந்திலிருந்து கொண்டு சென்ற சீதனம். 1607-இல் ஜேம்ஸ்டவுனிலும் 1620-இல் பிளிமத்திலும் ஆங்கிலேயர் குடியேறியபோது, இங்கிலாந்தில் பெரும்பாலோர் எழுதிய ரகரத்தையெல்லாம் உச்சரித்துக்கொண்டுதான் இருந்தனர். பின்னர் லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் அது தேயத் தொடங்கியது. ஜான் வாக்கர் என்ற உச்சரிப்பு அகராதி ஆசிரியர், லண்டனில் அது சில இடங்களில் காதில் விழாத அளவுக்கு மங்கிவிட்டதை 1791-லேயே குறித்திருக்கிறார். ஆக, மாறியவன் லண்டன்வாசி, மாறாதவன் அமெரிக்கன். குற்றம் சாட்டப்பட்டவனோ மாறாதவன்.

பாஸ்டன், நியூயார்க், சார்ல்ஸ்டன் போன்ற துறைமுகப் பட்டினங்களின் சங்கதி வேறு. லண்டனோடு ஓயாத வியாபாரப் போக்குவரத்து அவற்றுக்கு இருந்தது. அங்கிருந்து சரக்கோடு நாகரிகமும் இறங்கிற்று. அப்பட்டினங்களின் சீமான்கள் ரகரத்தை விடுவதே உயர்குல லட்சணம் என்று பழகிக்கொண்டனர். 1933-இல் ஜனாதிபதி பதவியேற்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அச்சத்தைக் குறிக்கும் 'பியர்' என்ற சொல்லை 'பியா' என்று உச்சரித்தார். அக்காலத்தில் அது பெருந்தன்மையின் அடையாளம். அரங்க நடிகர்களும் அவ்வாறே பேசப் பயிற்சி பெற்றனர்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தது. பிரிட்டனின் கை தாழ்ந்தது. அமெரிக்காவின் கை ஓங்கியது. ரகரமும் எழுந்து உட்கார்ந்தது! வில்லியம் லபோவ் என்ற பாஷை ஆராய்ச்சியாளர் 1962-ஆம் வருஷம் நியூயார்க் நகரத்தில் ஒரு சோதனை நடத்தினார். செல்வர் செல்லும் கடை ஒன்று, நடுத்தரத்தார் செல்லும் கடை ஒன்று, ஏழைகள் செல்லும் கடை ஒன்று ஆக மூன்று பெரிய கடைகளுக்குச் சென்றார். நான்காம் மாடியில் விற்கப்படும் சாமான் எங்கே கிடைக்குமென்று சிப்பந்திகளைக் கேட்டார். 'போர்த் புளோர்' என்று அவர்கள் பதில் சொல்லுவார்கள். அதில் இரண்டு ரகரம் இருக்கின்றன. செல்வர் கடையில் ரகரத்தை முழுமையாகவோ ஓரளவோ ஒலித்தவர்கள் 62 சதவிகிதம். நடுத்தரக் கடையில் 51 சதவிகிதம். ஏழைகள் கடையில் சுமார் 20 சதவிகிதம். விடுவது பெருமையாக இருந்த எழுத்து, ஒலிப்பதே பெருமையாக மாறிவிட்டது. சிப்பந்திகள் தம் கடைக்கு வருவோரின் அந்தஸ்தையே நாக்கில் ஏற்றிக்கொண்டிருந்தனர்.

இங்கிலாந்திலோ இன்றும் சொல்லீற்று ரகரத்தை ஒலிப்பவனைப் பட்டிக்காட்டான் என்று எண்ணுவோர் உண்டு. நியூயார்க்கிலோ அதை விழுங்குபவன் தாழ்ந்த தெருக்காரன். ஓர் எழுத்து, ஒரே நா, ஓர் ஊரில் பொன், மற்றோர் ஊரில் மண். "மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்று நம் பெரியோர் சொன்னது பானைக்கு மாத்திரமன்று, பாஷைக்கும் பொருந்தும்.

பரிகாசம் பின்பற்றுதலானது

உலகத்தின் செவி திரும்பியதற்குக் காரணமான கருவிகளில் முதன்மையானது பேசும் படம். 1927-இல் 'தி ஜாஸ் ஸிங்கர்' வெளிவந்தபின் சில வருஷங்களுக்குள் அமெரிக்கர் குரல் உலகத்துப் பட்டினங்களிலெல்லாம் கேட்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் பத்திரிகைகளும் பார்லிமெண்டு அங்கத்தினர் சிலரும் கூச்சலிட்டனர்; குழந்தைகளின் பேச்சு கெட்டுப்போகிறதென்று ஓலமிட்டனர். அவர்கள் கூச்சலிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய குழந்தைகள் கொட்டகையில் உட்கார்ந்து அந்தக் குரலைப் பழகிக்கொண்டிருந்தனர். யுத்த காலத்தில் குரலுக்குரியவர்களே நேரில் வந்து சேர்ந்தனர். 1944-ஆம் வருஷத்து மத்தியில் பிரிட்டனில் இருந்த அமெரிக்கத் துருப்பினர் சுமார் 15 லட்சம்.

பிறகு நடந்ததைப் பீட்டர் டிரட்கில் என்ற ஆங்கிலேயப் பாஷை நிபுணர் 1983-இல் விளக்கியிருக்கிறார். பிரிட்டிஷ் ஜனரஞ்சகப் பாடகர்கள் பேசும்போது ஆங்கிலேயராகவும், பாடும்போது அமெரிக்கராகவும் இருந்தனர். தாம் பேச்சில் விழுங்கும் ரகரத்தைப் பாட்டில் ஒலித்தனர். அதிலும், எழுத்தில் ரகரமே இல்லாத இடத்தில்கூடச் சிலர் தவறாக ஒரு ரகரத்தைச் செருகினர். பீட்டில்ஸ் கோஷ்டியாரின் ஆரம்ப காலப் பாட்டுகளில் இவ்வொலி மிகுந்திருந்தது. அவர்களுக்கே உலகப் புகழ் வந்த பின்னர் அது படிப்படியாகக் குறைந்தது. சொந்த மதிப்பு வந்ததும் இரவல் ஒலி தேவையற்றுப் போயிற்றுப் போலும்!

அவர்கள் பின்பற்றிய அமெரிக்கர் யார்? வெள்ளை மாளிகைவாசிகளல்ல; கலாசாலைப் பண்டிதர்களல்ல. பெரும்பாலும் மிஸிஸிப்பி முதலிய தென் ராஜ்யங்களில் அடிமைகளின் சந்ததியாராகப் பிறந்து, வேலை தேடி வடக்கே சென்ற நீக்ரோ மக்கள் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பர்களின் பாட்டும் குரலுமே அந்த இசைக்கு வேர். உலகம் அமெரிக்கக் குரல் என்று கொண்டாடிய குரலின் பெரும் பகுதி அவர்களுடையது.

கதவு திறக்காத குரல்

அந்த மக்களுக்கு அவர்களுடைய சொந்தத் தேசத்தில் கிடைக்கும் மதிப்பு என்ன? இங்கேதான் நம் நெஞ்சம் கனக்கிறது.

இனத்தைக் காரணமாகக் காட்டி வீடு தர மறுக்கலாகாது என்று அமெரிக்க சர்க்கார் 1968-ஆம் வருஷம் சட்டம் இயற்றியது. சட்டம் முகத்தைப் பார்த்துக் கதவை மூடுவதைத் தடுக்கும். டெலிபோனில் குரலைக் கேட்டு மூடுவதை எப்படித் தடுக்கும்? ஜான் பாவ் என்ற கறுப்பினப் பேராசிரியர் இதை ஆராய்ந்தார். அவருக்கு மூன்று விதமாகப் பேச வரும்: சாதாரண வெள்ளை அமெரிக்கரைப் போலவும், கறுப்பரைப் போலவும், மெக்ஸிகோ வம்சத்தாரைப் போலவும். ஸான்பிரான்ஸிஸ்கோ வட்டாரத்தில் வாடகை வீடு விளம்பரம் செய்தவர்களை மூன்று குரலிலும் டெலிபோனில் அழைத்தார். கேட்டது ஒரே கேள்வி. வெள்ளையர் வசிக்கும் பேட்டைகளில் முதற்குரலுக்கு வீட்டைப் பார்க்க வரச்சொல்லி அழைப்புகள் கிடைத்தன. மற்றக் குரல்களுக்கு அவை வெகுவாகக் குறைந்தன. அவரும் அவருடைய சகாக்களும் இதை 1999-இல் வெளியிட்டனர். 'ஹலோ' என்ற ஒரே சொல்லைக் கேட்டே பேசுகிறவர் எந்த வகுப்பார் என்று கேட்போரில் பெரும்பாலோர் கண்டுகொள்கின்றனர் என்பதும் அதில் தெரியவந்தது.

மேடையில் அந்தக் குரலுக்குக் கைதட்டல். வாசலில் அதே குரலுக்குத் தாழ்ப்பாள்! ஒலிதான் காரணமென்றால் இரண்டிடத்திலும் ஒரே வரவேற்பல்லவா கிடைத்திருக்க வேண்டும்?

"இது வீட்டுக்காரரின் துவேஷம், செவியின் மேல் பழி ஏன்?" என்று கேட்கலாம். செவியும் அதற்கு உடந்தையே. டொனால்ட் ரூபின் என்ற ஆராய்ச்சியாளர் 1992-இல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஓஹையோ ராஜ்யத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணியின் பிரசங்கம் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. மாணவர்களில் ஒரு சாராருக்கு அதைப் போடும்போது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் காட்டப்பட்டது. மற்றொரு சாராருக்கு ஆசியப் பெண் ஒருத்தியின் படம் காட்டப்பட்டது. குரல் ஒன்றே, ஓரெழுத்து வேற்றுமையும் கிடையாது. ஆயினும் ஆசியப் படத்தைப் பார்த்தவர்கள் பேச்சில் அந்நிய வாடை வீசுவதாகச் சொன்னார்கள். அதோடு நிற்கவில்லை; பிரசங்கத்தின் விஷயமும் அவர்கள் மனத்தில் குறைவாகவே பதிந்தது. இல்லாத உச்சரிப்பைக் கண் கண்டுபிடித்துக் காதுக்குச் சொல்லிவிட்டது! இதற்குமேல் என்ன சாட்சியம் வேண்டும்?

மனிலாவிலிருந்து ஹொனலூலுவுக்கு

கடல் கடந்தும் இத்தீர்ப்பு செல்கிறது. ஸ்பெயினோடு செய்த யுத்தத்தின் விளைவாக 1898-இல் பிலிப்பைன்ஸ் தீவுகள் அமெரிக்கர் கைக்கு மாறின. 1901-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 'தாமஸ்' என்ற கப்பலில் ஏறக்குறைய 500 அமெரிக்க உபாத்தியாயர்கள் மனிலாவில் வந்திறங்கினர். ஆங்கிலம் பள்ளிகளின் பாஷையாயிற்று. 1946-இல் அத்தீவுகள் சுதந்திரம் பெற்றன; உபாத்தியாயர் கற்பித்த ரகரம் மாத்திரம் தங்கிவிட்டது. இந்தியர் பேசும் ஆங்கிலத்தில் லண்டன் சாயை இருப்பதுபோல் பிலிப்பினோக்கள் பேசும் ஆங்கிலத்தில் அமெரிக்கச் சாயை இன்றும் இருக்கிறது.

அந்நாட்டில் ஆங்கிலத்தில் கல்வி கற்ற ஒருவர் அமெரிக்கக் கொடியின் கீழுள்ள ஹொனலூலுவில் குடியேறினார். 1981-ஆம் வருஷம் அங்கே நகர நிர்வாகத்தின் மோட்டார் லைசென்ஸ் ஆபீஸில் குமாஸ்தா வேலைக்கு எழுத்துப் பரீக்ஷை நடந்தது. 721 பேர் எழுதினர். அவர் முதலாவதாகத் தேறினார். பேட்டியில் அவருடைய உச்சரிப்பு புரிவது கடினமென்று குறித்து, வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டனர். அவர் வழக்காடினார். மேற்கு ராஜ்யங்களுக்கான அப்பீல் கோர்ட்டு 1989-இல் நகர நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. கற்பித்தவர்கள் அமெரிக்கர், பரீக்ஷை வைத்தவர்கள் அமெரிக்கர், முதல் இடம் கொடுத்தவர்களும் அமெரிக்கர், கேட்கத்தான் அவர்களுக்குப் பொறுமையில்லை.

குமாஸ்தா வேலைக்கு வருகிற ஜனங்களோடு பேசியாக வேண்டும், பேச்சு புரிவது அவசியமல்லவா என்று நியாயமாகவே கேட்கலாம். ஆம், அவசியந்தான். புரியாத பேச்சால் காரியம் கெடும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் புரிந்துகொள்வது என்பது இருவர் சுமக்க வேண்டிய காவடி. ஒரு பக்கத்துச் சுமையை முழுவதும் எடுத்து மற்றொரு பக்கத்தில் வைத்துவிட்டு, காவடி சாய்கிறதென்று குறை சொல்வது நியாயமாகாது. டெக்ஸாஸ் ராஜ்யத்துக்காரனுடைய இழுவைப் பேச்சும் அயலாருக்கு எளிதில் புரிவதில்லை. லிண்டன் ஜான்ஸன் அவ்வாறு பேசியே ஜனாதிபதியாக இருந்தார். பாஸ்டன் வட்டாரத்து ஜான் கென்னடி 1962-இல் நெருக்கடியான காலத்தில் கியூபாவைக் 'கியூபர்' என்றார்; உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டதே தவிர, உச்சரிப்புச் சரியில்லை என்று வானொலியை மூடிவிடவில்லை. அதிகாரம் பேசும்போது செவி தானாகவே முன்னால் வளைகிறது.

நம்மவர் குரல்

1990-க்குப் பிந்திய வருஷங்களில் இந்தச் சுமை நம் வீட்டு வாசலுக்கே வந்தது. அமெரிக்காவில் பாங்கிக் கணக்கிலோ டெலிபோன் சீட்டிலோ சந்தேகம் கொண்ட ஒருவர் அழைக்கிறார். பதில் சொல்பவர் சென்னையிலோ பெங்களூரிலோ இரவு முழுவதும் கண்விழித்து உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞர் அல்லது பெண். அவர்களுக்கு ரகரத்தை மடிக்கவும் டகரத்தைத் தட்டவும் பயிற்சி அளிக்கப்பட்டது. பல இடங்களில் பெயரையும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். தாய் தந்தையர் இட்ட பெயர் பகலுக்கு. அமெரிக்கப் பெயர் இரவுக்கு. இதிலே பிலிப்பைன்ஸ்காரரும் பெருந்தொகையாக ஈடுபட்டிருக்கின்றனர். 'தாமஸ்' கப்பல் விதைத்த விதையை டெலிபோன் கம்பெனிகள் அறுவடை செய்தன.

இப்போது இன்னும் ஒரு படி ஏறியாகிவிட்டது. பேசுகிறவர் தம் இயல்பான உச்சரிப்பில் பேச, கம்ப்யூட்டர் யந்திரம் அதை அந்தக் கணமே அமெரிக்க உச்சரிப்பாக மாற்றி மறுமுனைக்கு அனுப்புகிறது. உழைப்பாளிக்குச் சிரமம் குறைகிறது, வசைமொழியும் குறைகிறது என்று இதை ஆதரிப்போர் சொல்கின்றனர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். இரவெல்லாம் ஏச்சுக் கேட்பவர்களின் வேதனையை நாம் இலேசாக நினைக்கவில்லை. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. அழைப்பவரின் செவியைக் கொஞ்சமேனும் பழக்குவதற்கு யாரும் யந்திரம் செய்யவில்லையே, ஏன்? பழகினால் செவி எதையும் பழகும். அமெரிக்கக் குரலை இகழ்ந்த லண்டன் செவி, ஐம்பது வருஷங்களுக்குள் அதை விலை கொடுத்து வாங்கிக் கேட்டது. ஜப்பானியன் கிழங்கைப் பிடித்துக்கொண்டே மணி கேட்டுவிட்டான். பழக வேண்டிய அவசியம் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அமெரிக்கர் மாத்திரமே இதில் குற்றவாளிகள் என்று நாம் விரல் நீட்டுவதற்கில்லை. 'நுனிநாக்கு இங்கிலீஷ்' என்று வியப்பவர்களும் நாமே. அமெரிக்காவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த பிள்ளையின் ரகரத்தைக் கேட்டுப் பூரிப்பவர்கள், அதே ஆங்கிலத்தைத் தமிழ் ஓசையோடு பேசும் ஏழை மாணவனைக் கண்டு சிரிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அம்மாணவன் இலக்கணப் பிழையின்றிப் பேசினாலும் சிரிப்பு நிற்பதில்லை. டிராலப் சீமாட்டியின் செவியை நாமும் இரவல் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்கரோ அதை எப்போதோ அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டனர்.

அமெரிக்கர் சரித்திரம் நமக்குச் சொல்லும் பாடம் இரண்டு. அவர்கள் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு உலக மதிப்பைப் பெறவில்லை. இகழப்பட்ட உச்சரிப்போடேயே பெற்றார்கள். ஆகவே உச்சரிப்பு தாழ்வுக்குக் காரணமுமன்று, உயர்வுக்குச் சாதனமுமன்று. இது முதற்பாடம். உலக மதிப்பைப் பெற்ற பின்னரும் தம் வீட்டிலேயே சிலர் குரலைத் தாழ்ந்ததென்று ஒதுக்குகின்றனர். ஆகவே அவமானம் பட்டவன் பிறரை அவமதிக்கமாட்டான் என்பது நிச்சயமில்லை. இது இரண்டாம் பாடம். முதற்பாடம் நம் தலையை நிமிர்த்தும். இரண்டாம் பாடம் அதைக் கொஞ்சம் தாழ்த்தும். இரண்டும் நமக்கு வேண்டும்.

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது நம் பழமொழி. சொல்லில் குறையிருப்பதால் ஏறாது என்று அது சொல்லவில்லை. ஏழையின் சொல்லாயிருப்பதால் ஏறாது என்றே சொல்கிறது. சிகாகோவில் வீடு தேடும் கறுப்பரின் 'ஹலோ'வும், ஹொனலூலுவில் முதலாவதாகத் தேறியவரின் பதிலும், சென்னையில் நள்ளிரவில் டெலிபோன் எடுக்கும் பெண்ணின் குரலும் அம்பலத்தின் படிக்கட்டில்தான் நிற்கின்றன. அவர்கள் நாவுக்குப் பயிற்சி கொடுத்தது போதும். அம்பலத்தில் அமர்ந்திருப்போரின் செவிக்கு இனிப் பயிற்சி தொடங்க வேண்டும். அந்த அம்பலத்தில் நமக்கும் ஓர் ஆசனம் இருக்கிறதென்பதை நாம் மறவாதிருப்போமாக.